குட்டி யானைக்கு ரூட் போடும் கம்ப்யூட்டர்!

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து கிளம்புகிறீர்கள். வீட்டிலிருந்து போன். 'வர்ற வழியில டெய்லர்கிட்ட துணியை வாங்கிடுங்க, மில்லுல மிளகாய்த்தூள், மெடிக்கல் ஷாப்புல அப்பாவோட மாத்திரை, அப்படியே மிக்ஸி ரிப்பேர்...'

மொத்தம் நாலு இடம். இந்த நாலையும் 24 விதமான வரிசையில் சுற்றலாம். எந்த ஆண்மகனும் உட்கார்ந்து 24-ஐயும் யோசித்ததாகச் சரித்திரம் இல்லை. டெய்லர் கடை மூடிவிடுவானே என்று முதலில் அங்கே ஓடுகிறோம். வீடு வந்த பிறகு மிளகாய்த்தூள் ஞாபகம் வருகிறது. மறுபடியும் பைக். பெட்ரோலும் நம்முடையது, திட்டும் நமக்கே!

இதையே தொழிலாகச் செய்கிற ஆசாமிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு டெலிவரி வண்டிக்கு இன்றைக்குப் பத்துக் கடை. எத்தனை வரிசையில் போகலாம்? 36 லட்சத்து 28 ஆயிரத்து 800. செகண்டுக்கு ஒன்று வீதம் தூங்காமல் சரிபார்த்தால் சரியாக 42 நாள் ஆகும். அதற்குள் வண்டியில் இருக்கிற பிஸ்கட் நமுத்துப் போய்விடும். கடை இருபது என்றால்? செகண்டுக்கு ஒரு கோடி வழி பார்க்கிற கம்ப்யூட்டருக்கே ஏழாயிரத்து எழுநூறு வருஷம்!

அப்படியானால் கம்ப்யூட்டர் என்னதான் செய்கிறது? எல்லா வழியையும் அது பார்ப்பதில்லை ஸார். எதையெல்லாம் பார்க்கவே வேண்டாம் என்று தள்ளுவதில்தான் அதன் சாமர்த்தியம். 1959-ல் அமெரிக்காவில் டான்ட்ஸிக், ராம்ஸர் என்று இருவர், பெட்ரோல் லாரிகளை எந்தெந்த பங்க்குக்கு எப்படி அனுப்புவது என்று கணக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தத் துறைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. 1964-ல் இங்கிலாந்தின் கிளார்க், ரைட் என்ற ஜோடி அதைச் சுலபமாக்கியது.

அந்த வித்தை நம் ஊர் அண்ணாச்சிக்கே புரியும். டெப்போவிலிருந்து 60 கிலோமீட்டரில் ஒரு கடை. இன்னொரு கடையும் 60 கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே 10. தனித்தனியாக வண்டி விட்டால் போக வர 240. ஒரே வண்டியில் இரண்டையும் முடித்தால் 60, 10, 60... ஆக 130. மிச்சம் 110. இப்படி ஒவ்வொரு ஜோடிக் கடைக்கும் எவ்வளவு மிச்சம் என்று பட்டியல் போட்டு, அதிக மிச்சம் தருகிற ஜோடியிலிருந்து கோத்துக்கொண்டே வர வேண்டும். வண்டி நிரம்பினால் அடுத்த வண்டி. அவ்வளவுதான்!

யு.பி.எஸ். என்கிற அமெரிக்க கூரியர் கம்பெனி இதைப் பிரம்மாண்டமாகச் செய்தது. ஓரியான் என்று சாஃப்ட்வேருக்குப் பெயர். ஒவ்வொரு டிரைவரும் தினம் ஒரே ஒரு மைல் குறைவாக ஓட்டினால் வருஷத்துக்கு 5 கோடி டாலர் மிச்சம் என்பது கம்பெனியே சொன்ன கணக்கு. ஓரியானால் வருஷத்துக்குப் பத்துக் கோடி மைல் குறைகிறது என்றும் சொன்னார்கள். கூடுமானவரை இடது பக்கம் திரும்பாதே என்பது அங்கே பிரசித்தமான விதி. எதிரே வருகிற வண்டிகளுக்காக எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டுமே! நமக்கு அது வலது பக்கம். நம் காந்திபுரம் சிக்னலில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிற்கிற நேரம் என்றதும் கோவைக்காரர்களுக்கு ஞாபகம் வருவது வாளையார் செக்போஸ்ட். மைல் கணக்கில் லாரி க்யூ நின்ற காலத்தில் எந்தக் கம்ப்யூட்டர் ரூட் போட்டாலும் ஜோசியம்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரி செக்போஸ்ட்கள் போன பிறகுதான், 'எத்தனை மணிக்குச் சரக்கு போய்ச் சேரும்?' என்ற கேள்விக்கே ஓர் அர்த்தம் வந்தது என்பேன்.

சரி, அமெரிக்கா கிடக்கட்டும். இந்தக் கணக்கெல்லாம் மலையில் செல்லுமா? பொள்ளாச்சியில் தெரிந்த டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவர் வால்பாறைக்கு சோப்பு, பிஸ்கட், ஷாம்பூ பாக்கெட் அனுப்புகிறார். வண்டி, 'குட்டி யானை' என்று ஊரே செல்லமாகக் கூப்பிடும் டாட்டா ஏஸ். அவரும் ரூட் சாஃப்ட்வேர் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் டிரைவர் அண்ணன் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு உண்டு. பன்னிரண்டாவதில் என் வயிறு நம்பர் எண்ணுவதை நிறுத்திவிட்டது.

"மொத வாரம் இந்தப் பொட்டி என்ன சொல்லுச்சுன்னு கேளுங்க தம்பி" என்றார் அண்ணன், செல்போனைக் காட்டி. "அறுவத்து நாலு கிலோமீட்டரு, ஒண்ணேகால் மணி நேரத்துல போயிருன்னுச்சு. நான் என்னுங்க, ஹெலிகாப்டரா ஓட்டறன்? கீழ காட்டுல லிட்டருக்குப் பதினெட்டுக் குடுக்கற வண்டி, லோடோட மலை ஏறுனா பத்துக் குடுத்தாப் பெரிசு. அது இதுக்குத் தெரியோணுமல்லோ?"

வாஸ்தவம்தான். மேப்புக்குக் கிலோமீட்டர் தெரியும், முதல் கியர் தெரியாது. ஓனர் அண்ணனிடமே கேட்டு, மலை ரோட்டுக்குத் தனி வேகம், தனி மைலேஜ் என்று சாஃப்ட்வேரில் திருத்திப் போட்ட பிறகுதான் கணக்கு உருப்பட்டிருக்கிறது.

இன்னொரு விசேஷம். வால்பாறை டவுனைத் தாண்டினால் எஸ்டேட் ரோடுகள் விரித்த விரல்கள் மாதிரி பிரிகின்றன. முடீஸ் ஒரு பக்கம், சோலையார் ஒரு பக்கம். பல இடங்களில் போன வழியே திரும்பி வர வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் எந்த விரலுக்கு முதலில் போனாலும் மொத்த தூரம் ஒன்றுதான்! வரிசையை மாற்றி ஒரு பைசா மிச்சம் பிடிக்க முடியாது. எந்த விரலுக்கு எந்த நாள் போவது என்பதில்தான் காசு. இரண்டு பெட்டி சோப்புக்காக முடீஸ் வரை ஓடாமல், அந்தப் பக்கத்து ஆர்டரையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் போவது. வாரத்துக்கு ஆறு தடவை மலை ஏறிய வண்டி இப்போது நாலு தடவைதான் ஏறுகிறது.

லோடு ஏற்றுவதிலும் கணக்கு இருக்கிறது. கடைசியாக இறக்க வேண்டிய கடையின் பெட்டி முதலில் உள்ளே போக வேண்டும். பி.காமில் 'லிஃபோ' என்று மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கியதன் அர்த்தம் எனக்கு ரொட்டிக்கடை பக்கம் வைத்துத்தான் விளங்கியது. திரும்பும்போது காலியாக வராமல் தேயிலை ஏற்றி வரலாமே என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். அண்ணன் சிரித்தார். தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசனையை இழுத்துக்கொள்ளும் சரக்கு. சோப்பு வண்டியில் ஏற்றினால் டீயில் நுரைதான் வரும்!

குட்டி யானைக்குப் பெரிய யானையாலும் டயம் டேபிள் உண்டு. வால்பாறையில் யானை எங்கே நிற்கிறது என்று செல்போனில் குறுஞ்செய்தி அனுப்புகிற ஏற்பாட்டை, 2011 வாக்கில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் கொண்டுவந்தார்கள். முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கும் எரியும். இதற்காக ஆராய்ச்சியாளர் ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. எஸ்டேட் ரோட்டில் இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது என்பது அண்ணனின் சட்டம். சாஃப்ட்வேர் அதையும் ஏற்றுக்கொண்டுவிட்டது.

இப்போது என் படிப்புக்கு வேலை. ஒரு டிரிப் போக வர, எஸ்டேட் சுற்றையும் சேர்த்து 170 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு டிரிப் குறைந்தால் 340 கிலோமீட்டர். 34 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் வாரத்துக்கு 3,060. வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். டயர், பிரேக் தேய்மானம் தனி. ஒரே ஒரு குட்டி வண்டிக்கு இவ்வளவு!

ஓனரின் கம்ப்யூட்டரில் இந்த மிச்சப் பட்டியலைப் பார்த்தேன். டீசலுக்குக் கீழே இன்னொரு வரி. 'டிரைவர் பேட்டா.' மலை ஏறுகிற நாளைக்குத்தானே மலை பேட்டா? இரண்டு நாள் குறைந்தால் இரண்டு பேட்டா அவுட். எனக்கு அது 'வேரியபிள் காஸ்ட்'. அண்ணன் வீட்டில் அது பையனின் டியூஷன் ஃபீஸ்.

"கம்ப்யூட்டரு மிச்சம் புடிச்சதுல எம்பட காசும் சேந்து போச்சுங்க" என்று வண்டியில் அவர் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை. ஒண்ணேகால் மணியை மூணு மணியாகத் திருத்திக் கொடுத்தவரே அவர்தான்!

ஓனரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "பழைய ஆறு நாள் லோடை அவர் நாலு நாளில் இறக்குகிறார். ஒரு நாளைக்குக் கடையும் அதிகம், தூக்குகிற பெட்டியும் அதிகம் இல்லீங்களா?"

அவர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே, "அது நெசந்தானுங்க... அடுத்த மாசத்துலருந்து மலை நாளுக்கு ஒண்ணரைப் பங்கு பேட்டா போட்டரலாம்" என்றார். ஆறு பழைய பேட்டாவும் நாலு ஒன்றரையும் ஒன்றுதான். டீசல் மிச்சத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அடுத்த மாதம் அண்ணனுக்கு போன் போட்டு விசாரித்தேன். போட்டுவிட்டாராம்.

அண்ணன் இன்னொரு கோரிக்கையும் வைத்தாராம். இறங்கும்போது அட்டகட்டியில் கால் மணி நேரம் வண்டியை நிறுத்தி பிரேக்கை ஆறவிட வேண்டும். ஆனால் அந்த சாஃப்ட்வேருக்குக் கடையைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதனால் தினசரி லிஸ்ட்டில் இப்போது புதிதாக ஒரு 'கஸ்டமர்' சேர்ந்திருக்கிறார்: அட்டகட்டி டீக்கடை. டெலிவரி பெட்டி 0. நேரம் 15 நிமிஷம்.