தங்கச்சி சாப்பாட்டை ஆப் கணக்குப் போடலாமா? டீன் ஏஜ் பிள்ளைகள் வீட்டில் கவனிக்க வேண்டியவை

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் இருக்கிறது சித்தன்னவாசல். அறிவர் கோயில் விதானத்தில் இருக்கும் தாமரைக் குள ஓவியத்தைப் பார்க்க வருகிறவர்கள் கையில் எல்லாம் போன். அதே போனில் இப்போது டிபன் பாக்ஸையும் படம் எடுக்கலாம். "இதில் இத்தனை கலோரி" என்று ஆப் சொல்லிவிடும்.

நீங்கள் சென்னையில் வேலை பார்க்கிறீர்கள், தங்கச்சி இந்த ஊரில் பிளஸ் ஒன் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நல்லதுக்குத்தான் நீங்களே ஆப் போட்டுக் கொடுத்தீர்கள். ஒரு மாதம் கழித்து அவள் சொல்கிறாள்: "அண்ணே, 1,500 தாண்டிடுச்சு. நைட்டுக்கு எனக்கு ஒண்ணும் வேணாம்."

இங்கேதான் சிக்கல்.

1,500 போதாதா?

போதாது. ஐசிஎம்ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 2,500 கலோரி தேவை. பையனுக்கு 3,320. எடை குறைக்க நினைக்கும் பெரியவர்களுக்கான இலக்கு, வளர்கிற பிள்ளைக்குப் பொருந்தாது. பல ஆப்கள் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்தான். ஆனால் பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டால் திறந்துவிடும்.

ஆப் எப்படிக் கணக்குப் போடுகிறது?

படத்தில் இருப்பது என்ன உணவு என்று முதலில் அடையாளம் காணும். அப்புறம் அளவை ஊகிக்கும். கடைசியாக உணவுச் சத்து அட்டவணையோடு பெருக்கும். தப்பு பெரும்பாலும் அளவில்தான் வரும். குழம்பில் எவ்வளவு எண்ணெய், பழைய சோற்றில் எவ்வளவு தண்ணீர் என்பது போட்டோவில் தெரியாது. சாயங்காலம் தோழியோடு பாதி பாதி சாப்பிட்ட பப்ஸ் கணக்கிலேயே வராது.

உண்மையான பிரச்சினை எது?

கலோரி கூடுவதைவிட இரும்புச்சத்து குறைவதுதான் இங்கே பெரிய கவலை. தேசிய குடும்ப நல ஆய்வின் 5-வது சுற்றுப்படி (2019-21), இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 32 மி.கி. இரும்புச்சத்து வேண்டும். காலையில் பழைய சோறு, மதியம் புளி சாதம், ராத்திரி இட்லி என்றால் வயிறு நிறையும், இரும்புச்சத்து நிறையாது. ஆப்பின் முதல் திரையில் பெரிதாகத் தெரிவதோ கலோரி மட்டும்தான்.

அரசுக் கணக்கில் இவள் எங்கே?

பள்ளிச் சத்துணவு 10-ம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அங்கன்வாடிகளுக்காக 2021-ல் வந்த 'போஷன் டிராக்கர்' ஆப்பில் 14 முதல் 18 வயதுப் பெண்களும் உண்டு. ஆனால் முன்னேற விழையும் மாவட்டங்களிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் மட்டும்தான். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை ராமநாதபுரமும் விருதுநகரும். புதுக்கோட்டை இல்லை. ஆக, பிளஸ் ஒன் படிக்கும் இவள் சாப்பாட்டைக் கவனிக்க மிஞ்சுவது வீடும், கையில் இருக்கும் போனும்தான்.

பிள்ளைகளின் தகவல் பத்திரமா?

அமெரிக்காவில் 8 முதல் 17 வயதினருக்காக வந்த 'கர்போ' ஆப் ஓர் எச்சரிக்கை. பெற்றோர் அனுமதி முறையாக வாங்காமல் பிள்ளைகளின் தகவலைச் சேர்த்ததாக எழுந்த புகாரில், 2022-ல் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. தகவலையும், அதை வைத்து உருவாக்கிய அல்காரிதத்தையும் அழிக்க உத்தரவானது. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டால், இந்தப் பாதுகாப்பை நாமே கைவிடுகிறோம்.

அப்போ ஆப்பே வேண்டாமா?

அப்படியில்லை. வியட்நாம், கானா நாடுகளில் டீன் ஏஜ் பெண்களிடம் சோதிக்கப்பட்ட 'ஃப்ரானி' ஆப், என்னென்ன உணவு வகை சாப்பிட்டார்கள் என்று பார்த்துக் குறிப்பு தருகிறது. அதே வழியை ஆப் இல்லாமலும் பின்பற்றலாம். தானியம், பருப்பு, கடலை வகை, பால், மீன்-கறி, முட்டை, கீரை, மஞ்சள்-ஆரஞ்சு நிறக் காய்கனி, மற்ற காய், மற்ற பழம் என மொத்தம் 10. பெண்களின் உணவில் எத்தனை வகை சேர்கிறது என்று அளக்க, ஐ.நா. உணவு அமைப்பு பயன்படுத்தும் பட்டியல் இது. ஒரு நாளில் 5 வகையாவது சேர்ந்ததா என்று பாருங்கள். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ வேண்டாம்.

சாப்பாட்டைத் தவிர்ப்பது, சாப்பிட்டதை மறைப்பது, எண் கூடினால் அழுவது, மாதவிடாய் நின்றுபோவது... இதில் எது தெரிந்தாலும் ஆப்பை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். 104-க்கு போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம்.

இன்று ராத்திரி வீட்டுக்கு போன் போடும்போது, "எத்தனை கலோரி?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு கீரை சாப்பிட்டியா, முட்டை சாப்பிட்டியா?" என்று கேளுங்கள்.