மலைக்குப் பணிந்த கோபுரமும் வீடுகளை நோக்கும் படிகளும்

பார்சிலோனா நகரத்தில் கடலையொட்டி மொன்ஜூயிக் என்றொரு குன்று இருக்கிறது. உயரம் சுமார் 177 மீட்டர். அந்நகரின் சக்ராதா ஃபமிலியா பசிலிக்காவின் நடுக்கோபுரத்துக்குக் குறிக்கப்பட்ட உயரம் 172.5 மீட்டர். மனிதன் கட்டுவது கடவுள் படைத்த குன்றைத் தாண்டக் கூடாது என்பது கட்டடக் கலைஞர் அன்டோனி கௌடி போட்ட கணக்கு. 2025 அக்டோபரில் இந்தக் கோபுரம் ஜெர்மனியின் உல்ம் ஆலயத்தை (161.5 மீட்டர்) முந்தியது. உலகிலேயே உயரமான தேவாலயம் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கோ குன்றுக்காக விட்டுக்கொடுத்த அந்தச் சில மீட்டர்தான் பெரிதாகப் படுகிறது. அடக்கத்தை அளவுகோலில் குறித்துவைத்த கட்டடம் வேறு எங்கே இருக்கிறது?

1882 மார்ச் 19, சூசையப்பர் திருநாளில் அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற கௌடிக்கு வயது 31. 1926 ஜூனில் டிராம் மோதி, மூன்று நாள் கழித்து அவர் இறந்தபோது முழுதாக நின்றது ஒரே ஒரு மணிக்கோபுரம். அவரை ஆலயத்தின் நிலவறையிலேயே அடக்கம் செய்தார்கள். திட்டத்தில் மொத்தம் 18 கோபுரங்கள்: திருத்தூதர்களுக்குப் பன்னிரண்டு, நற்செய்தியாளர்களுக்கு நான்கு, அன்னை மரியாளுக்கு ஒன்று, நடுவில் இயேசுவுக்கு ஒன்று.

இந்த ஆலயத்தின் உயிர் உள்ளே இருக்கும் தூண்களில் இருக்கிறது. நேராக நிற்காமல் சாய்ந்து எழுந்து, பாதி உயரத்தில் கிளை பிரிந்து, மேலே கல் இலைகளாக விரிந்து கூரையைத் தாங்குகின்றன. காட்டுக்குள் நுழைந்ததுபோல் இருக்கிறது என்று வந்தவர்களெல்லாம் சொல்கிறார்கள். ஆனால் அது வெறும் அலங்காரமில்லை. வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம் தொய்ந்து நிற்குமே, அந்த வளைவில் கயிறு முழுவதும் இழுபட்டு நிற்கிறது. அதைத் தலைகீழாகத் திருப்பிக் கல்லில் கட்டினால், அந்த இழுப்பெல்லாம் அழுத்தமாக மாறிவிடும். கல்லை இழுத்தால் உடையும், அழுத்தினால் தாங்கும். கொலோனியா குவெல் என்ற ஆலைக் குடியிருப்பின் தேவாலயத்துக்காகக் கௌடி கயிறுகளைத் தொங்கவிட்டு, ஈயக் குண்டுகள் நிரப்பிய சின்னச் சின்னப் பைகளை அவற்றில் கட்டி, கூரையின் பாரம் எந்த வழியாக மண்ணுக்கு இறங்கும் என்று பார்த்தார். அந்தத் தொங்கும் மாதிரியைப் படமெடுத்துத் தலைகீழாகத் திருப்பினால் கட்டடம் தெரியும். அங்கே கற்றதை இங்கே கொண்டுவந்தார். பழைய கோதிக் பேராலயங்களுக்கு வெளியே முட்டுக்கொடுத்து நிற்கும் வளைவுகள் இந்த ஆலயத்துக்குத் தேவைப்படவில்லை. தூணின் சாய்வே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஒரு தூணைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அடியில் எட்டு முனை நட்சத்திர வடிவம். அதை வலப்பக்கமாக முறுக்கினால் ஒரு வடிவம், இடப்பக்கமாக முறுக்கினால் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் எது மிஞ்சுகிறதோ அதுதான் தூண். மேலே போகப் போக எட்டு விளிம்பு பதினாறாகி, முப்பத்திரண்டாகி, கடைசியில் வட்டமாக முடிகிறது. பாரத்துக்குத் தக்கபடி கல்லும் மாறுகிறது: மணற்கல், கருங்கல், பசால்ட். மிக அதிகச் சுமை தாங்கும் நடுத்தூண்களுக்குச் சிவந்த போர்ஃபிரி. காலையில் கிழக்கு ஜன்னல்களின் நீலமும் பச்சையும் இவற்றின் மேல் விழும். மாலையில் மேற்கிலிருந்து சிவப்பும் ஆரஞ்சும்.

வெளியே மூன்று முகப்புகள். கிறிஸ்து பிறப்பு முகப்பில் இலை, பறவை, பூச்சி என்று கல்லில் எதுவும் விடுபடவில்லை. அங்கே இரண்டு தூண்களின் அடியில் இரண்டு ஆமைகள் அமர்ந்திருக்கின்றன. கடல் இருக்கும் பக்கம் கடலாமை, மலை இருக்கும் பக்கம் நில ஆமை. அத்தனை பாரத்தையும் முதுகில் வாங்கிக்கொண்டு, அசையாத உலகத்துக்கு அடையாளமாக இருக்கின்றன. இன்னொரு பக்கம் பாடுகளின் முகப்பு. எலும்பைப் போலச் சாய்ந்த தூண்கள், ஜோசப் மரியா சுபிராக்ஸ் செதுக்கிய கோணல்மாணலான வெற்று உருவங்கள். எப்படிக் கூட்டினாலும் கிறிஸ்து இறந்த வயதான 33 வரும் மாயச் சதுரமும் அங்கே உண்டு. அந்தக் கடுமை எல்லோருக்கும் பிடிக்காது. சிலுவைச் சாவைக் காட்டும் சுவர் கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு என்பேன்.

1936இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது நிலவறைக்குத் தீ வைத்தார்கள். வரைபடங்கள் எரிந்தன, பிளாஸ்டர் மாதிரிகள் நொறுங்கின. பிற்காலத்தில் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, அவற்றின் வடிவ கணிதத்தைக் கண்டுபிடித்து, கணினியின் துணையோடு கட்டுமானத்தைத் தொடர்ந்தார்கள். இதைக் கௌடியின் ஆலயம் என்று இனிச் சொல்ல முடியாது என்பவர்களும் இருக்கிறார்கள். 1965இலேயே நிறுத்தச் சொல்லிக் கலைஞர்கள் பலர் கையெழுத்திட்டார்கள். 2010 நவம்பர் 7 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் வந்து அர்ச்சித்த பிறகு அந்த வாதத்தின் சூடு குறைந்துவிட்டது.

இன்றைக்குச் சூடாக இருப்பது வேறு விஷயம். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மூன்றாவதும் முதன்மையானதுமான மாட்சியின் முகப்பு இன்னும் முடியவில்லை. அதன் பெரிய வெண்கலக் கதவில், அன்றாட உணவைக் கேட்கும் மன்றாட்டு வரி ஐம்பது மொழிகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கதவு சாலைமட்டத்திலிருந்து பல அடி உயரத்தில் இருக்கிறது. எனவே கௌடி அதற்கு அகன்ற படிக்கட்டு ஒன்றை நினைத்தார். படிகள் மயோர்கா தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் இறங்கும். தெரு அதன் கீழே சுரங்கம்போல் போகும்; அந்த இருட்டு நரகத்தைக் குறிக்கும். மேலே ஒருபுறம் தீ, மறுபுறம் நீர். நரகத்தின் மேலே நடந்து மாட்சிக்குள் நுழைவது என்ற அந்தக் கற்பனையின் அழகை மறுக்க முடியாது. ஆனால் படிகள் இறங்க வேண்டிய இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. நூற்றுக்கணக்கான குடும்பங்கள், தெருவோரக் கடைகள். வீடு போய்விடுமோ என்ற கேள்வியோடு பல ஆண்டுகளாக அங்கே வாழ்கிறார்கள்.

திட்டம் முதலில் வந்தது, வீடுகள் பிறகுதானே வந்தன என்று ஒரு வாதம் உண்டு. 1885இல் கௌடி அனுமதி கேட்டு விண்ணப்பித்த ஆலயத்துக்கு முறையான கட்டட உரிமம் 2019இல்தான் கிடைத்தது. 134 ஆண்டு பொறுத்துக்கொண்ட ஊர், வீடு வாங்கிக் குடிவந்தவரிடம் மட்டும் தேதியைக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஆரம்பத்தில் இது காணிக்கையால் எழுந்த பரிகார ஆலயம். கல்தச்சர்களின் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் படிக்க 1909இல் வளாகத்திலேயே அலையலையான கூரையோடு ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தார் கௌடி. அக்கம்பக்கத்தாரை நினைத்த ஆலயம் அது. இன்று ஆண்டுக்கு 45 லட்சத்துக்கும் மேற்பட்டோர் டிக்கெட் வாங்கி வருகிறார்கள். வேலை ஓடுவது பெரும்பாலும் அந்தப் பணத்தில். கூட்டம் பெருகப் பெருக, தெருவில் குடியிருப்பவர் இடைஞ்சலாகத் தெரிய ஆரம்பிக்கிறார். என் கவலையெல்லாம் இதுதான். வீடற்றவருக்கு இடம் கொடுப்பதை இரக்கச் செயல்களில் ஒன்றாகத் திருச்சபை கற்பிக்கிறது. திருக்குடும்பத்தின் பெயரால் எழும் ஆலயத்தின் வாசலுக்காகக் குடும்பங்கள் வெளியேற வேண்டுமா?

கௌடி மாட்சியின் முகப்புக்கு விட்டுப்போனது பிளாஸ்டர் மாதிரியும் பொதுவான திட்டமும்தான். அவருக்குப் பிறகு எத்தனையோ மாறியிருக்கின்றன. மொன்ஜூயிக்கில் வெட்டிய கல் கிடைக்காமல் போனதும் வேறு ஊர்களிலிருந்து கல் வந்தது. நடுக்கோபுரங்களுக்குக் கல்லை எஃகுக் கம்பியால் இறுக்கிப் பலகைகளாக வேறிடத்தில் சேர்த்துக் கொண்டுவந்து ஏற்றினார்கள். இதில் எதுவும் கௌடிக்குத் துரோகம் என்று கட்டுகிறவர்கள் நினைக்கவில்லை. படிக்கட்டை மட்டும் ஏன் ஓரங்குலம் குறைக்க முடியாது? தெருவுக்கு இந்தப் பக்கமே முடியும் படிகளை, பக்கவாட்டில் வளைந்து இறங்கும் படிகளை வரைய ஆலயத்தின் பட்டறையில் திறமைக்குக் குறைவில்லை. கோபுரம் முடிகிற மகிழ்ச்சியில் இருப்பவர்கள் முதலில் எதிர்வீட்டுக்காரர்களை அழைத்து, எந்தக் கட்டடமும் இடிபடாது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். படிகளை அதற்குப் பிறகு வரையலாம்.