ஷாம்பு பாக்கெட்டுக்கு என்ன ரேட்டுண்ணே?

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் சுமார் 20 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் அரைத் தூக்கம். சைக்கிளில் போனால் ஊரே கூட வருகிறது. 1991-92-ல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களை சைக்கிள் ஓட்ட வைத்த மாவட்டமாச்சே, நாம் மிதிக்காவிட்டால் எப்படி!

வழியில் பழைய இரும்புக்காரர் ஒருவர் சேர்ந்துகொண்டார். அவர் சைக்கிள் கேரியரைப் பார்க்கணுமே! ஓட்டை அண்டா, உடைந்த பிளாஸ்டிக் குடம், பேப்பர் கட்டு, காலி பாட்டில் மூட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரேட்.

ரோட்டோரம் கிடந்த ஷாம்பு பாக்கெட்டைக் காட்டி, "இதுக்கு என்ன ரேட்டுண்ணே?" என்றேன்.

"அதை எவன் வாங்குவான் தம்பி!"

நியாயம்தான். குடம் ஒரே வகை பிளாஸ்டிக். நொறுக்கி உருக்கினால் மறுபடி உருப்படியாக ஏதாவது ஆகும். பாக்கெட்டோ பல வகை பிளாஸ்டிக், சிலதில் அலுமினியத் தாளும் சேர்த்து அடுக்கடுக்காக ஒட்டியது. பிரித்தெடுக்கக் கட்டுப்படியாகாது. ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோன முன்னோடி நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணன். காலிப் பாக்கெட் எங்கே போகும் என்று அப்போது யார் கேட்டார்கள்?

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக்குக்குத் தடை. திருமயம் பெட்டிக்கடையிலோ ஷாம்பு, ஊறுகாய், பாக்கு எல்லாம் சரம் சரமாகத் தொங்கின.

இரும்புக்காரர் இறங்கி, சில்லறை கொடுத்து ஒரு ஷாம்பு கிழித்துக்கொண்டார்.