மயக்க மருந்து இதயத்தைக் காக்குமா?



இதய அறுவைக்காக வேலூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ புறப்படும் நோயாளிகளின் வீட்டார் ஜெபிக்கச் சொல்லி எங்களிடம் வருவதுண்டு. அப்போது, "போதகரையா, பழுதான இதயம் மயக்க மருந்தைத் தாங்குமா?" என்று கேட்பார்கள். ஆதரவாளர்களில் சிலரோ, "முகரக் கொடுக்கும் மயக்க மருந்து இதயத்தைக் காக்குமாமே, அது கிடைக்காத ஏழைக்கு ஆபத்து கூடுதலா?" என்று கேட்கிறார்கள். இவ்விரண்டு கேள்விகளுக்கும் மருத்துவர்களிடம் நாங்கள் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

நெய்யூரில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-இல் மருத்துவப் பணியைத் தொடங்கினார். ஈதரை முகரச் செய்து வலியின்றி அறுவை செய்யலாம் என்று பாஸ்டன் நகரில் எல்லாரும் காணச் செய்துகாட்டியது அதற்கு 8 ஆண்டுகள் கழித்து, 1846-இல்தான். இன்று பயன்படும் ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் ஆகியவையும் ஈதர் குடும்பத்தைச் சேர்ந்தவையே. திரவமாக இருக்கும் இவற்றை ஒரு கருவி ஆவியாக்கி, ஆக்சிஜனோடு கலந்து கொடுக்கிறது.

இதய அறுவையின்போது பல வேளைகளில் இதயத்தை நிறுத்தி, அதற்குச் செல்லும் இரத்தத்தையும் சற்று நேரம் தடுக்க வேண்டியுள்ளது. அந்தப் பட்டினி இதயத் தசையை வாட்டும். இரத்தம் திரும்பப் பாயும்போதும் சேதம் உண்டாகலாம். வறண்ட வயலுக்கு மடையை ஒரேயடியாகத் திறந்தால் வரப்பு உடைகிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

1986-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களிடம் ஒரு புதுமையைக் கண்டார்கள். இதய இரத்தக்குழாயை ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்தார்கள். அதன்பின் 40 நிமிடம் அடைத்தபோது, தசைச் சேதம் வழக்கமானதில் ஏறக்குறைய கால்பங்காகக் குறைந்தது. சிறு துன்பம், பெருந்துன்பத்தைத் தாங்கத் தசையைப் பழக்கியிருந்தது. குழாயை அடைக்காமலே ஐசோஃப்ளூரேன் இதைப் போன்ற காப்பைத் தருகிறது என்று 1997-இல் விலங்கு ஆய்வுகள் காட்டின. தசை உயிரணுக்களுக்குள் ஆற்றல் உண்டாக்கும் இடங்களில் உள்ள சில பொட்டாசியம் வாயில்கள் திறப்பது இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். பின்பு மனிதரிடம் நடந்த சில ஆய்வுகளிலும், தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் என்ற பொருள் இரத்தத்தில் குறைவாகக் காணப்பட்டது.

இவ்வளவும் நல்ல செய்திதான். ஆனால் உயிர் பிழைப்பதில் வேறுபாடு உண்டா? அதைத்தான் 2019-இல் வெளியான பெரிய ஆய்வு கேட்டது. 13 நாடுகளில், 36 மருத்துவமனைகளில், பைபாஸ் அறுவை செய்துகொண்ட 5,400 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முகரும் மருந்து. மற்றதற்கு நரம்பு வழி மருந்து மட்டும். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 100-க்கு 2.8 பேர், மற்றதில் 3.0 பேர். இதை வேறுபாடு என்று கொள்ள முடியாது. இது பைபாஸ் பற்றிய ஆய்வு மட்டுமே. வால்வு அறுவைக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

ஆகவே பைபாஸ் செய்துகொள்ளும் ஏழை நோயாளிக்கு நரம்பு வழி மருந்து கொடுக்கப்பட்டால், அவர் வஞ்சிக்கப்பட்டார் என்று எண்ண வேண்டாம். முதல் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. எந்த மயக்க மருந்தும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடும். அதனால்தான் மயக்க மருத்துவர் நோயாளியின் தலைமாட்டை விட்டு அகலாமல், துடிப்பையும் அழுத்தத்தையும் பார்த்துப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்கிறார். மருந்தின் பெயரைவிட அந்தக் கவனமே பெரிய காவல்.

நீங்கள் அனுப்பும் உதவியும் இத்தகைய கவனத்துக்கே செல்லட்டும் என்பது எங்கள் எண்ணம். நோயாளி காலதாமதமின்றிப் போய்ச் சேர வழிச்செலவு, துணைக்கு வருபவருக்கு உணவு, திரும்பி வந்தபின் தவறாமல் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் ஆகிய சிறிய தேவைகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

அன்புடன்,
மருத்துவமனைப் போதகர்