நோன்பும் நோயும்

நோன்பு நம் முன்னோர் வகுத்த நெறி. கந்தசஷ்டிக் காலத்து ஆறு நாளும் உணவைச் சுருக்கியும் விடுத்தும் இருப்போர் யாழ்ப்பாணத்திற் பலர். ஆயினும், உண்ணாமை யாவும் நோன்பாகாது. நோன்புக்கு நாளுண்டு, நோக்கமுண்டு, பாரணை என்னும் முடிவுமுண்டு. முடிவின்றி நீளும் உண்ணாமை நோயாதலும் கூடும். மாணவப் பருவத்திலேயே பெரும்பாலும் தலைகாட்டும் அந்நோயைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுவாம்.

1873ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் கல், பாரிசில் லசேக் என்னும் மருத்துவர் இருவரும் இதனைத் தனித்தனியே விளக்கினர். 'அனொரெக்சியா நெர்வோசா' என்பது கல் இட்ட பெயர். மிகுதியாக உண்டு, பின் வலிந்து வாந்தியெடுக்கும் 'புலிமியா' என்னும் நோயை 1979இல் ஜெரால்டு ரசல் விளக்கினார்.

இது மேனாட்டார்க்கே உரியதன்றோ எனச் சிலர் வினவலாம். பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அவ்வாண்டு, மெலியும் பொருட்டு வாந்தியெடுத்ததாகக் கூறிய பள்ளி மாணவியர் எவருமிலர். 1998இல் நூற்றுக்குப் பதினொருவர் அவ்வாறு கூறினர். தொலைக்காட்சி செய்ததனைக் கைத்தொலைபேசி செய்யாதென்பது எவ்வாறு? ஹொங்கொங்கில் நோயுற்றோர் பலர், பருமனுக்கு அஞ்சுவதாகக் கூறாது, "வயிறு நிறைந்துள்ளது" என்றே கூறினர். ஆதலின், சொல்லைக் கொண்டு மட்டும் நோயில்லை எனத் துணிதல் தகாது.

பசி கல்வியையும் கெடுக்கும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நலமிக்க இளைஞர் முப்பத்தறுவர் தாமே இசைந்து ஆறு திங்கள் அரைவயிறு உண்டனர். அவர்தம் சிந்தை முழுவதும் உணவையே சுற்றியது, சினமும் சோர்வும் மிகுந்தன, கருத்தூன்றல் குன்றியது. உயர்தரப் பரீட்சைக்குப் பசித்திருந்து படிப்போர் இதனை உணர்தல் வேண்டும்.

உணவுப் பெட்டி திறவாது வீடு திரும்பல், உண்டவுடன் குளியலறைக்கு விரைதல், எப்போதும் குளிர்தல், மயங்குதல், மாணவியர்க்கு மாதவிடாய் நிற்றல், மாணவர் உடற்பயிற்சியில் அளவிறத்தல் ஆகியன அறிகுறிகள். ஆடவர்க்கு இந்நோய் வாராதென்பது பிழை.

இது பிடிவாதமன்று, உயிர்க்கே இறுதி பயக்கவல்லது. மெலிவையோ பருமனையோ வகுப்பறையில் நகையாடுதலை ஆசிரியராகிய நாம் முதற்கண் ஒழித்தல் வேண்டும். பெற்றோர் அதட்டாது, உடனிருந்து உண்ணுக. காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுக. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கமும் உண்டு. மனநல மருத்துவரை நாடுதல் குடிக்கு இழுக்கெனக் கருதி மறைத்தலே பேரிழப்புக்கு வழியாகும். உரிய காலத்து உதவி பெற்றோர் நலமுறுவர்.