வீட்டுத் திரையில் ஒரு சாட்சி

யுத்தத் திரைப்படங்களில் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்தியவரே கதாநாயகர். 2018இல் வெளியான 'எ பிரைவேட் வார்' அப்படிப்பட்ட படமன்று. இதன் நாயகி குறிப்பேடும் பேனாவும் ஏந்திய ஒரு பெண். 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையின் ஊடகவியலாளரான மேரி கொல்வினின் உண்மை வாழ்க்கையே இதன் கதை. மேரியாக ரோசமண்ட் பைக் நடித்துள்ளார். 2019இல் இப்படம் இறுவட்டாக வெளிவந்து வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

அமெரிக்கரான மேரிக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2001 ஏப்ரலில், ஊடகவியலாளர்கள் செல்ல அனுமதிக்கப்படாதிருந்த வன்னிக்கு அவர் சென்றார். உணவுக்கும் மருந்துக்கும் அல்லற்பட்ட மக்களைச் சந்தித்துவிட்டு, இரவில் போர் முனையைக் கடந்து திரும்பும்போது குண்டுச் சிதறல் பட்டு இடது கண்ணின் பார்வையை இழந்தார். அவர் பின்னர் எப்போதும் அணிந்திருந்த கறுப்புக் கண்மறைப்பு இம்மண்ணில் கிடைத்தது. படத்தின் தொடக்கப் பகுதியில் இச்சம்பவம் வருகிறது.

அதன் பின்னரும் அவர் ஓயவில்லை. படம் நம்மை ஈராக்குக்கும் லிபியாவுக்கும் அழைத்துச் சென்று, இறுதியில் சிரியாவின் ஹொம்ஸ் நகரில் நிறுத்துகிறது. 2012 பெப்ரவரியில் அந்நகரின் பாபா அம்ர் பகுதி முற்றுகையிடப்பட்டு எறிகணைகளால் தாக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பெண்களும் குழந்தைகளும் நிலவறையொன்றில் ஒடுங்கிக் கிடந்தார்கள். தன் கண்முன்னே உயிர்விட்ட ஒரு குழந்தையைப் பற்றி மேரி தொலைக்காட்சிகள் வழியாக உலகுக்குச் சொன்னார். மறுநாள், பெப்ரவரி 22இல், எறிகணை வீச்சில் அவரும் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ரெமி ஒஷ்லிக்கும் கொல்லப்பட்டார்கள். 2019இல் அமெரிக்க நீதிமன்றமொன்று அவரது மரணத்துக்குச் சிரிய அரசே பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது.

இவ்வாறான படங்கள் மீது ஒரு நியாயமான குறை சொல்லப்படுவதுண்டு. மேற்கிலிருந்து வருபவர் முன்னால் நிற்பார். துன்பப்படும் முஸ்லிம் தாய்மார் பெயரின்றிப் பின்னால் அழுதுகொண்டிருப்பார்கள். இப்படமும் அக்குறையிலிருந்து முற்றாகத் தப்பவில்லை. ஆயினும் இயக்குநர் மத்தியூ ஹைன்மன் ஆவணப்படத் துறையிலிருந்து வந்தவர். அவர் ஜோர்தானில் படப்பிடிப்பை நடத்தி, நிலவறைக் காட்சியில் சிரிய அகதிப் பெண்களையே பேசவைத்தார். அவர்களின் கண்ணீர் நடிப்பன்று.

அக்காட்சியை வீட்டில் பார்த்தபோது உம்மா ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்தினார். "இந்தப் புள்ளைகள் இப்ப எங்க இருக்குமோ?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. திரையரங்கில் படம் யாருக்காகவும் நிற்பதில்லை. வீட்டில் நாம் நிறுத்தலாம், மீண்டும் பார்க்கலாம், வரைபடத்தை எடுத்து ஹொம்ஸ் எங்கே என்று தேடலாம். இறுவட்டு தரும் உண்மையான வசதி இதுவே. அந்நிலவறையில் இருந்தவர்களுக்கோ யுத்தத்தை நிறுத்தும் பொத்தான் எதுவும் கிடைக்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இது சிறுவர்களுக்கான படமன்று. கொடூரமான காட்சிகளும், நம் வீடுகளுக்குப் பொருந்தாத சில காட்சிகளும் உள்ளன. நீங்கள் முதலில் பார்த்துவிட்டு, வளர்ந்த பிள்ளைகளோடு அமர்ந்து தேவையான பகுதிகளைப் பார்ப்பது நன்று.

தோழியரே, நீதிக்குச் சாட்சியாக நிற்பதை நம் மார்க்கம் நம்மீது கடமையாக்கியுள்ளது. சாட்சி சொல்வது ஓர் அமானிதம். மேரி தன் கண்ணையும் பின்னர் உயிரையும் கொடுத்து அதைச் செய்தார். அவ்வளவு விலை கொடுத்துக் கொண்டுவரப்பட்ட செய்தியை, தேநீர் ஆறுவதற்குள் மறந்துவிடாமல் இருப்பதாவது நம்மால் முடியும். அடுத்த முறை யுத்தப் படமொன்றைப் பார்க்கும்போது ஓரிடத்தில் நிறுத்துங்கள். பின்னால் நிற்கும் அந்தத் தாய் யார் என்று கேளுங்கள்.