கிட் பேசவில்லையா? முதலில் அளந்து பாருங்கள்

ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹாம் (பொழுதுபோக்கு) வானொலியாளர் அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-இல் 'பிட்எக்ஸ்' என்ற டிரான்சீவரை வடிவமைத்தார். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே நம் ஹாம்கள் சொந்தமாக வானொலி செய்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய நோக்கம். காயில் சுற்றத் தண்ணீர்க் குழாய் வாஷரே போதும் என்றது அந்த வடிவமைப்பு! அதன் வழியில் பின்னர் வந்த பிட்எக்ஸ்40 கிட், 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சுமார் 7 வாட் திறனில் இயங்குகிறது.

ஆனால், சுவிட்சைப் போட்டதும் எல்லா கிட்டும் பேசிவிடுவதில்லை. உடனே ஐசி கெட்டுவிட்டது, டிரான்சிஸ்டர் போய்விட்டது என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டத் தொடங்குகிறார்கள் பலர். புதிய கிட்டில் பாகம் கெட்டிருப்பது அரிது. இணைப்பில் கோளாறு இருப்பதே வழக்கம்.

மின்சாரம் கொடுக்கும் முன்

நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பலகையைப் பாருங்கள். பளபளப்பில்லாமல், உருண்டையாக ஒட்டி நிற்கும் சால்டர் சந்தேகத்துக்குரியது. காயில் சுற்றும் செம்புக் கம்பியின் மேல் இன்சுலேஷன் பூச்சு உண்டு. அதைச் சுரண்டாமல் சால்டர் வைத்தால், பார்வைக்கு ஒட்டியிருக்கும், மின்சாரம் பாயாது. மல்டிமீட்டரின் 'பீப்' சோதனை இதை நொடியில் காட்டிக்கொடுக்கும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களும் டையோடுகளும் சரியான திசையில் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, பிளஸ் ஒயருக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஐஆர்எஃப்510 பவர் மாஸ்ஃபெட் இதில் பெயர் போனது. அதன் உலோக முதுகு உள்ளுக்குள் 'டிரெய்ன்' முனையோடு இணைந்திருக்கிறது. டிரெய்னுக்கோ பிளஸ் மின்சாரம் வருகிறது. இடையில் மைக்கா தகடு வைக்காமல் உலோகப் பெட்டியோடு திருகிவிட்டால், பிளஸ்ஸும் கிரவுண்டும் முட்டிக்கொள்ளும்.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, பிளஸ் ஒயரில் 12 வோல்ட் கார் பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், கிட் தப்பிக்கும்.

மீட்டர் சொல்லும் சேதி

மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பாருங்கள். 7805 ரெகுலேட்டரின் வெளியீட்டில் 5 வோல்ட் இருக்க வேண்டும். இயங்கும் சிலிக்கான் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 0.6 முதல் 0.7 வோல்ட் இருக்கும். எல்எம்386 ஆடியோ ஐசியின் 6-வது காலில் சப்ளை முழுவதும், 5-வது காலில் அதில் ஏறக்குறைய பாதியும் வர வேண்டும். எங்கே கணக்கு இடறுகிறதோ, அதைச் சுற்றித்தான் பழுது.

பாதியில் தொடங்குங்கள்

மின்னழுத்தம் எல்லாம் சரி, ஆனாலும் சத்தம் இல்லையா? கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்காலின் நடு மதகை முதலில் பார்ப்பதுபோல, இங்கும் நடுவில் தொடங்க வேண்டும். வால்யூம் கன்ட்ரோலின் உள்ளீட்டுக் காலைச் சிறு ஸ்குரூடிரைவரின் உலோக முனையால் தொடுங்கள். விரல் அந்த உலோகத்தின் மேல் படட்டும். ஸ்பீக்கரில் 'உர்ர்' என்று கேட்டால், உங்கள் உடல் பிடித்துத் தரும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அது. அங்கிருந்து ஸ்பீக்கர் வரை எல்லாம் நலம். பழுது ஆன்டெனா பக்கம். ஒரே தொடுதலில் பாதி சர்க்யூட் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. (மின்கலத்தில் ஓடும் 12 வோல்ட் கிட்டில் மட்டுமே இப்படித் தொடலாம்.)

ஆன்டெனா பக்கத்தில் அடுத்துப் பார்க்க வேண்டியது ஆஸிலேட்டர். பிட்எக்ஸ்40-இல் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஃபில்டர் இருப்பதால், 7.1 மெகாஹெர்ட்ஸைக் கேட்க ஆஸிலேட்டர் 4.9 மெகாஹெர்ட்ஸில் துடிக்க வேண்டும். துடிக்கிறதா என்று அறிய, பக்கத்தில் ஒரு சிற்றலை ரேடியோவை வைத்து 4.9-க்குத் திருப்புங்கள். அதன் இரைச்சல் சட்டென்று அடங்கி, கிட்டின் டியூனிங்கைத் திருப்பும்போது அந்த அமைதியும் இடம் மாறினால், ஆஸிலேட்டருக்கு உயிர் இருக்கிறது.

பேசும்போது மட்டும் கோளாறு

கேட்பதெல்லாம் சரியாகக் கேட்கிறது, பேசுவதற்கான பி.டி.டி. பட்டனை அழுத்தினால் ரிலே படபடக்கிறது என்றால், அழுத்தியபடியே சப்ளையை அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டியது அப்போது வெகுவாக இறங்கினால், மெல்லிய ஒயரோ சோர்ந்த மின்கலமோதான் குற்றவாளி.

சோதனையின்போது ஆன்டெனா இடத்தில் 50 ஓம் டம்மி லோடு இருக்கட்டும். 1,000 ஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்டர்கள் 20-ஐப் பக்க இணைப்பில் சேர்த்தால் 40 வாட் தாங்கும் டம்மி லோடு தயார். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் வேண்டாம். அது காயிலைப்போல் நடந்துகொள்ளும். உண்மையான ஆன்டெனாவில் பேச, மத்திய அரசு வழங்கும் ஹாம் உரிமம் கட்டாயம்.

கிட் நன்றாக இயங்கத் தொடங்கிய அன்றே, முக்கியமான இடங்களின் மின்னழுத்தங்களை அளந்து, சர்க்யூட் படத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அடுத்த பழுதின்போது அந்தக் குறிப்பைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.